மீத்திறன் மாணவர்களின் காலப் பார்வையை அளந்தபோது: பாளையங்கோட்டை வார இறுதி வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் ஓர் அறக்கட்டளை சனி, ஞாயிறுகளில் நடத்தும் வகுப்பு இது. அரசுப் பள்ளிகளில் 10, 11ஆம் வகுப்பு படிக்கிற, மீத்திறன் மாணவர்கள் என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய பிள்ளைகள் இருபதுக்குச் சற்று மேல் வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் 8ஆம் வகுப்பில் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ்.ஸில் தேறி ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை வாங்குகிறவர்கள். மற்றவர்கள் 9ஆம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு எழுதி வந்தவர்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல், களக்காடு என்று நாலா பக்கமிருந்தும் காலை முதல் பஸ் பிடித்து வருவார்கள். பீடி சுற்றும் வீடு, வாழை போட்ட வீடு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, கடைச் சம்பள வீடு என்று எல்லா வகையும் அதில் உண்டு. நான் அங்கே ஆலோசகனாக இருந்தேன்.

2024 கோடை முடிந்ததும் அறக்கட்டளைக் குழு ஒரு கேள்வியோடு வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் உறைவிடப் பயிற்சி முகாம் ஒன்று நடத்தப் போகிறார்கள். இடங்கள் குறைவு. யாரை எடுப்பது?

மதிப்பெண் பார்த்து எடுக்கலாம் என்பது முதல் யோசனை. குழுவில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மார்க்க மட்டும் பாத்தா டவுன் பிள்ளைகதாம் வரும். டியூஷன் படிச்ச பிள்ளையும் படிக்காத பிள்ளையும் ஒண்ணா? யாருக்கு உள்ளுக்குள்ள நோக்கம் இருக்குன்னு பாக்கணும்லா" என்றார். நியாயமான பேச்சுதான். அந்த நோக்கத்தை அளக்கத்தான் காலப் பார்வை வினாத்தாள், அதாவது கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்கும் தாள், உள்ளே வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கொண்டுவரப்பட்டது அது. அப்புறம் நடந்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கையில் இருந்த அளவுகோல்

அமெரிக்க உளவியலாளர்கள் பிலிப் சிம்பார்டோவும் ஜான் பாய்டும் 1999இல் வெளியிட்ட வினாத்தாள் அது. 56 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். விடைகளைக் கூட்டினால் ஐந்து மதிப்புகள் கிடைக்கும்: கடந்த காலத்தைக் கசப்பாகப் பார்ப்பது, இனிமையாகப் பார்ப்பது, இன்றைய இன்பத்தில் திளைப்பது, இன்றைக்கு நடப்பதெல்லாம் விதிப்படி என்று விட்டுவிடுவது, எதிர்காலத்தை நோக்கித் திட்டமிடுவது. ஒரு தன்னார்வலர் இதைத் தமிழில் பெயர்த்து வைத்திருந்தார். பெயர்ப்பு மோசமில்லை.

குழு யோசித்த முறை எளிமையானது. எதிர்கால மதிப்பிலிருந்து விதி மதிப்பைக் கழிக்க வேண்டும். மிஞ்சும் எண்ணின்படி பிள்ளைகளை வரிசைப்படுத்த வேண்டும். மேலே இருப்பவர்களை முகாமுக்கு எடுக்க வேண்டும்.

எனக்கு இரண்டு தயக்கங்கள் இருந்தன. இந்த அளவுகோல் பெரும்பாலும் கலிபோர்னியாவின் கல்லூரி மாணவர்களை வைத்து உருவானது. அவர்கள் சராசரியை எடுத்து மணிமுத்தாறு பக்கத்துப் பிள்ளையோடு ஒப்பிட எந்த அடிப்படையும் கிடையாது. இரண்டாவது தயக்கம் இன்னும் நேரடியானது. படிப்பில் சிறந்த பதின்வயதினரிடம் இதே வினாத்தாளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை ஃபிராங்க் வொரெல், ஜீனா மெலோ இருவரும் 2007இல் வெளியிட்டிருக்கிறார்கள். 800க்கு மேற்பட்ட மாணவர்கள். ஐந்து பகுதிகளும் சொன்னபடி தனித்தனியாகப் பிரிந்து நிற்கவில்லை. நம்பகத்தன்மையும் திருப்தியாக இல்லை. நம் வகுப்புப் பிள்ளைகளைப் போன்றவர்களிடமே அளவுகோல் தடுமாறியிருக்கிறது என்றால், ஓர் எண்ணை வைத்து இடம் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

அதற்காக வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழுவுக்கு ஏதோ ஓர் அளவு தேவைப்பட்டது. பிள்ளைகள் காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரிய வேண்டியிருந்தது. எனவே இப்படி முடிவானது: வினாத்தாளைக் கொடுப்போம். கூடவே தாமஸ் காட்டில் 1967இல் பயன்படுத்திய வட்டப் பயிற்சியையும் கொடுப்போம். கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் மூன்று வட்டங்களாகப் பிள்ளையே வரைய வேண்டும். எது பெரிது, எது எதைத் தொடுகிறது என்பதைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் பேசி முடிக்கும்வரை எந்த எண்ணையும் குழுவிடம் காட்டுவதில்லை. இந்தக் கடைசி நிபந்தனைக்கு அண்ணாச்சி கொஞ்சம் முணுமுணுத்தார். ஆனால் ஒத்துக்கொண்டார்.

பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். முகாம் தேர்வு இன்னும் முடிவாகவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னோம். இதில் ஒரு விலை உண்டு. இடம் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை நல்ல பெயர் வாங்கும் விடையைத்தான் போடும். மறைத்திருந்தால் விடை சுத்தமாக வந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளை ஏமாற்றி வாங்கிய விடையாக அது இருந்திருக்கும். சொல்லிவிட்டே செய்வதுதான் சரி என்று பட்டது.

வினாத்தாள் கொடுத்த நாள்

ஜூலையில் ஒரு ஞாயிறு. தேநீர், பிஸ்கட் முடிந்து உட்கார்ந்தார்கள். அரை மணி நேர வேலை என்று கணக்குப் போட்டிருந்தோம். சிலர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். சிலர் ஒரு மணி நேரம் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மெதுவான பிள்ளைகள் வகுப்பில் கணக்கை முதலில் முடிப்பவர்கள். அவர்கள் வாக்கியத்தைச் சும்மா விடுவதில்லை. "அடிக்கடி" என்றால் வாரத்துக்கா, மாதத்துக்கா? "நண்பர்களோடு கூடிக் கொண்டாடுவது" என்றால் கோயில் கொடை சேருமா? ஒரு வாக்கியத்தில் இரண்டு செய்தி இருந்தால் ஒன்றுக்கு ஐந்தும் மற்றொன்றுக்கு இரண்டும் போட இடம் கேட்டார்கள்.

மீத்திறன் பிள்ளைகளிடம் வினாத்தாள் கொடுக்கிற எவரும் இதை எதிர்பார்க்க வேண்டும். சராசரிப் பிள்ளை வாக்கியத்தின் மனநிலையைப் பிடித்துக்கொண்டு ஓர் எண்ணைப் போட்டுவிடும். இவர்கள் வாக்கியத்தைச் சட்டம் படிப்பதுபோலப் படிக்கிறார்கள். நிபந்தனையில் ஒரு பிசகு தெரிந்தால் மூன்றைப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். அந்த மூன்றுக்கு நடுத்தர மனநிலை என்று பொருள் இல்லை. கேள்வி சரியில்லை என்று பொருள்.

முக்கூடல் பக்கத்துப் பையன் ஒருவனின் தாள் ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் இருந்தன. வட்டம், பெருக்கல் குறி, கோடு. வாக்கியங்களை அவன் வகை பிரித்திருந்தான். ஐந்து வகையில் நான்கைக் கிட்டத்தட்டச் சரியாகப் பிடித்துவிட்டான். எதற்கு என்று கேட்டபோது, "ஒரே கேள்விய மாத்தி மாத்திக் கேக்கியள்லா சார். எது எதோட சேருதுன்னு பாத்தேன்" என்றான்.

எண்கள் சொன்னது

எதிர்கால மதிப்பு ஏறக்குறைய எல்லோருக்கும் மேலே முட்டிக்கொண்டு நின்றது. நாளை முடிக்க வேண்டிய வேலை இன்றைய விளையாட்டுக்கு முன்னால் வருமா என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை விடியலில் பஸ் ஏறி வந்த பிள்ளை வேறு என்ன போடும்? நாலும் ஐந்தும்தான்.

இங்கே ஓர் அளவியல் சிக்கல் இருக்கிறது. கிரான்பாக் ஆல்ஃபா என்ற நம்பகத்தன்மை எண், ஒரு பகுதியின் வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப் போகின்றன என்பதைக் காட்டுவது, 0.7க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம். பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு இருந்தால்தான் அந்த ஒத்துப்போதல் கண்ணில் படும். எல்லோரும் ஒரே உயரத்தில் நின்றால் எண் தானாகவே சரிந்துவிடும். எங்கள் பிள்ளைகளிடம் எதிர்காலப் பகுதியும் இன்றைய இன்பப் பகுதியும் 0.7ஐத் தொடவில்லை. இவ்வளவு குறைந்த பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் ஆல்ஃபாவே ஆட்டம் காணும் என்பதால் அந்த எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொண்டேன்.

விரிந்து பரந்து நின்றது விதிப் பகுதி மட்டுமே. குழுவின் கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் விஷயம் வெளிச்சமானது. எதிர்கால மதிப்பு எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்று. அதிலிருந்து விதி மதிப்பைக் கழித்தால், வரிசையைத் தீர்மானிப்பது முழுக்க விதி மதிப்புதான். யார் எதிர்காலத்தை அதிகம் நினைக்கிறார்கள் என்று பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, "என் கையில் இல்லை" என்று சொன்ன பிள்ளை யார் என்று பார்க்கிறோம். அந்த வரிசையின் அடியில் இருந்தவர்களில் டவுன் பிள்ளை ஒருவரும் இல்லை.

பேச்சு

எல்லாப் பிள்ளைகளோடும் பேசினோம். மாணவிகளோடு பேசும்போது ஆசிரியை ஒருவர் உடன் இருந்தார். விடைத்தாளை முன்னால் வைத்து, இந்த எண்ணைப் போடும்போது மனதில் என்ன ஓடியது என்று மட்டும் கேட்டோம். மூன்று பிள்ளைகளின் பேச்சைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வரிசையின் கடைசியில் இருந்தவள் மாஞ்சோலைப் பகுதித் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்துப் பெண். கீழே விடுதியில் தங்கி 11ஆம் வகுப்பு படித்தாள். கணக்கில் அந்த வகுப்பிலேயே முதல். விதிப் பகுதியில் நிறைய நாலு, ஐந்து. நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது என்ற பொருளுள்ள வாக்கியத்துக்கு ஐந்து. தன்னால் மாற்ற முடியாத சக்திகள் தன் வழியைத் தீர்மானிக்கின்றன என்பதற்கும் ஐந்து. தாளை மட்டும் பார்த்த ஒரு தன்னார்வலர், இந்தப் பெண்ணுக்கு ஊக்கப் பேச்சு ஏற்பாடு செய்யலாம் என்று குறிப்பு எழுதியிருந்தார்.

அந்தத் தோட்டத்தின் கதை மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். சிங்கம்பட்டி ஜமீன் காலத்தில், 1929இல், 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட மலை. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 ஜூனில், தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக இருந்த வரிசை வீடுகளைக் காலி செய்யும் பேச்சு தொடங்கியது. நாங்கள் வினாத்தாள் கொடுத்தது அதற்கு அடுத்த மாதம்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீடு இருக்குமான்னு கேட்டா எங்க கையில என்ன சார் இருக்கு? கோர்ட்டுல கேஸு நடக்கு. கணக்குப் பரீச்ச என் கையிலதான இருக்கு. ரெண்டையும் ஒரே கேள்வியில கேட்டா நான் என்னத்தப் போட?"

வட்டங்களை எடுத்துப் பார்த்தோம். எதிர்காலம்தான் பெரிய வட்டம். ஆனால் நிகழ்காலத்தைத் தொடாமல் தள்ளி நின்றது. கடந்த காலமும் நிகழ்காலமும் ஒன்றுக்குள் ஒன்று. பெரிய வட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் அவள் பேச்சு மாறிவிட்டது. 12ஆம் வகுப்பு, எந்தக் கல்லூரியில் கணிதம், அதில் சேர என்ன கட் ஆஃப், விடுதிக் கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை போக எவ்வளவு குறையும், அதை எப்படிச் சமாளிப்பது என்று வரிசையாகச் சொன்னாள். எங்களிடம் இருந்த பிள்ளைகளில் இவ்வளவு துல்லியமான திட்டம் வைத்திருந்தவர்கள் குறைவு. விதி என்று விட்டுவிட்ட பிள்ளை இப்படிப் பேசாது.

அளவுகோலின் அமைப்பிலேயே இதற்கு ஒரு காரணம் உண்டு. 1999 வடிவத்தில் எதிர்காலத்தைப் பற்றிய கவலைக்குத் தனிப் பகுதி கிடையாது. எதிர்காலம் என்றால் திட்டம், ஒழுங்கு, நேரத்துக்கு முடிப்பது என்று நல்ல பக்கம் மட்டும்தான். பயத்தைச் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்தத் தாளில் போக்கிடம் விதிப் பகுதிதான். இந்தக் குறையைக் கண்டுதான் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2011இல் எதிர்காலத்தை நல்லது, கெட்டது என்று இரண்டாகப் பிரித்து ஒரு வடிவம் செய்தார்கள்.

இரண்டாவது, சீவலப்பேரி பக்கத்து ஆற்றங்கரைப் பையன். அவனுக்குக் கடந்த காலத்தின் கசப்பும் அதிகம், இனிமையும் அதிகம். தாளைத் திருத்திய தன்னார்வலர் இவன் கவனமில்லாமல் எழுதியிருக்கிறான் என்று நினைத்தார். அப்படிச் சொல்லக் காரணமில்லை. இரண்டும் தனித்தனிப் பகுதிகள், ஒருவருக்கு இரண்டும் உயரலாம். 2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததல்லவா, இவன் வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். 10ஆம் வகுப்புக் குறிப்பேடுகள் எல்லாம் போயின. ஒரு மாடும் போனது. கசப்பு வாக்கியங்கள் எல்லாவற்றையும் அவன் அந்த மார்கழிப் பிறப்பை நினைத்தே நிரப்பியிருந்தான். இனிமை வாக்கியங்களை நிரப்பும்போது நினைத்தது பங்குனி உத்திரத்துக்கு ஆச்சியோடு குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குப் போவதை. சாஸ்தா கோயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. எந்த வண்டி, யார் யார் வருவார்கள், பொங்கல் வைக்கிற இடம் எது என்று எல்லாம் சொன்னான். அவனுடைய கடந்த காலத்தில் பாதி அவன் பிறப்பதற்கு முந்தையது. ஏழு மாதத்துக்கு முந்தைய வெள்ளமும் மூன்று தலைமுறைக்கு முந்தைய கோயிலும் ஒரே தாளில் "கடந்த காலம்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்திருந்தன. எவ்வளவு பழைய கடந்த காலம் என்று வினாத்தாள் எங்கும் கேட்கவில்லை.

மூன்றாவது, ஓரத்தில் குறி போட்ட முக்கூடல் பையன். வரிசையில் அவன் முதலிடத்துக்குப் பக்கம். பேச்சில் மறைக்கவில்லை. இன்ப வகைக்கு எல்லாம் மூன்று போட்டானாம்: "ரொம்பப் போட்டா விளையாட்டுப் பிள்ளம்பிய, ஒண்ணும் போடலன்னா பொய்யிம்பிய." எதிர்காலத்துக்கு ஐந்து போட்டது அம்மாவின் எதிர்காலத்துக்காக. அம்மா பீடி சுற்றுகிறவர். மகன் டாக்டராக வேண்டும் என்பது அவர் கணக்கு. இவனுக்கென்று கேட்டதற்கு, இன்னும் யோசிக்கவில்லை என்றான். பதினைந்து வயதில் அது ஒன்றும் குறையல்ல. ஆனால் தாள் சொன்ன அளவுக்கு அவனிடம் எதிர்காலம் இருக்கவில்லை.

அளவுகோல் எல்லோரிடமும் பிசகியது என்று சொல்லவும் முடியாது. களக்காட்டுப் பெண் ஒருத்தியின் மதிப்புகளும் பேச்சும் அச்சாகப் பொருந்தின. அப்படிப் பொருந்தியவர்கள் இன்னும் சிலர் உண்டு. யாரிடம் பொருந்தியது, யாரிடம் பொருந்தவில்லை என்பது பேசிய பிறகுதான் தெரிந்தது. எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்க வழியில்லை.

குழுக் கூட்டமும் முடிவும்

ஆகஸ்டில் குழு கூடியது. பெயர் இல்லாமல், கழித்தல் வரிசையையும் பேச்சின் சுருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம்.

ஓர் உறுப்பினர் சொன்னார்: பேச்சு என்பது பேசுகிறவரின் கருத்து, நாளைக்கு ஒரு பெற்றோர் வந்து ஏன் என் பிள்ளையை எடுக்கவில்லை என்று கேட்டால் எண்ணைக் காட்டலாம், பேச்சைக் காட்ட முடியாது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆலோசகரின் அபிப்பிராயத்தில் இடம் கொடுப்பதும் ஆபத்துதான்; நன்றாகப் பேசுகிற பிள்ளை ஜெயித்துவிடும்.

அண்ணாச்சி வெகுநேரம் வரிசையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கு வழி விடணும்னு நினைச்சோமோ அவியளயே கீழ தள்ளுதே இது" என்றார். அதற்கு மேல் விவாதம் நீளவில்லை.

முகாமுக்கு இந்த மதிப்புகளைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவானது. பள்ளியளவில் மதிப்பெண், வீட்டில் முதல் தலைமுறைப் படிப்பா, பயிற்சிக்கு வேறு வழி உண்டா என்ற மூன்றையும் வைத்து, முன்கூட்டியே அறிவித்த புள்ளிகளின்படி எடுப்பது. எவரும் கேட்டால் காட்டலாம். காலப் பார்வையை அளப்பதை நிறுத்துவதில்லை. ஆனால் அது பிள்ளையோடு பேசுவதற்கான கருவி மட்டும், தாள் ஆலோசகரிடமே இருக்கும். ஊக்கப் பேச்சுக் குறிப்பு கிழிக்கப்பட்டது. மலைப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது விடுதிக் கட்டணத்தில் குறைந்த தொகை. அதற்கு அறக்கட்டளை வழி செய்தது.

தொடர்ந்து நடந்தவை

அரையாண்டுத் தேர்வு முடிந்து, 2025 தை மாதத்தில் இரண்டாம் சுற்று நடத்தினோம். இந்த முறை மெலோ, வொரெல் இருவரும் பதின்வயதினருக்காகவே செய்த மனப்பாங்கு அளவுகோல். 30 வாக்கியங்கள், கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஒவ்வொன்றுக்கும் நல்ல பக்கம் ஐந்து, கெட்ட பக்கம் ஐந்து. வாக்கியங்கள் குட்டையானவை. திட்டமிடும் பழக்கத்தையோ கொண்டாட்டத்தையோ கேட்காமல், அந்தக் காலத்தைப் பற்றி மனதில் என்ன உணர்வு என்பதை மட்டும் கேட்கின்றன. சட்டம் படிப்பதுபோலப் படிக்கிற பிள்ளைகளுக்கு இது வசதியாக இருந்தது. சந்தேகம் கேட்டவர்கள் மிகக் குறைவு.

கூடவே ஒரு வெற்றுத் தாள். இனி நடக்க வேண்டும் என்று நினைப்பவை ஒரு பக்கம், நடந்துவிடுமோ என்று பயப்படுபவை மறுபக்கம். ஒவ்வொன்றும் எத்தனை வயதில் என்பதையும் எழுத வேண்டும். பின்லாந்து ஆய்வாளர் யாரி-எரிக் நுர்மி 1991இல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பதின்வயதினரின் எதிர்காலம் பெரும்பாலும் படிப்பு, வேலை, குடும்பம் என்பவற்றைச் சுற்றி முப்பது வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். எங்கள் பையன்களின் தாள்கள் அதற்கும் முன்னால், முதல் வேலையோடு நின்றன. பெண்களின் தாள்கள் சற்று நீண்டன. அவற்றில் பலவற்றில் திருமணம் பயப்படுகிற பக்கத்தில் இருந்தது, 12ஆம் வகுப்பு முடித்த வயதைப் போட்டு. முதல் சுற்றின் 56 வாக்கியங்களில் எதுவும் இதை வெளியே கொண்டுவந்திருக்காது. உடன் இருந்த ஆசிரியை அந்த வீடுகளில் இரண்டுக்கு நேரில் போய்ப் பேசினார். ஒரு வீட்டில் கல்லூரி வரை திருமணப் பேச்சில்லை என்று உறுதி சொன்னார்கள். மற்றொன்றில் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

மலைப் பெண்ணுக்கு எதிர்காலத்தின் நல்ல பக்கமும் கெட்ட பக்கமும் இரண்டும் உயரமாக வந்தன. இதற்குள் குடும்பம் மலையிறங்கி விக்கிரமசிங்கபுரம் பக்கம் வாடகைக்கு வந்துவிட்டது. பயம் குறைந்ததாக அவள் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை பயமும் திட்டமும் தனித்தனி இடத்தில் பதிவாகியிருந்தன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. புள்ளிகளின்படி முகாமில் அவளுக்கு இடம் கிடைத்தது.

முக்கூடல் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. கோபம் இருந்தது, இருக்கத்தான் செய்யும். அவனை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டோம் என்று சொன்னால் தவறாகாது: புதிய வாக்கியங்களை மற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் அவனிடம் கொடுத்து ஓட்டை கண்டுபிடிக்கச் சொன்னோம். நிறையக் கண்டுபிடித்தான். அவன் தன் பயப் பக்கத்தில் எழுதியது ஒரே வரி. அதை இங்கே எழுத அவன் அனுமதி தரவில்லை.

இனி மாற்றப்போவது

அடுத்த அணிக்கு முதலிலேயே பேச்சுதான். நாலைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டு யோசித்தபடி விடை போடச் சொல்லி, அதன் பிறகே வினாத்தாளை முடிவு செய்யப்போகிறோம். மீத்திறன் பிள்ளைகள் இந்த வேலைக்கு அருமையானவர்கள். யோசிப்பதைச் சொல்லத் தெரியும், சொல்லவும் பிடிக்கும்.

தேதியைப் பக்கத்தில் எழுதி வைப்பதையும் சேர்க்கிறோம். வெள்ளத்துக்கு எத்தனை மாதத்துக்குப் பின், தேர்வுக்கு எத்தனை வாரத்துக்கு முன், வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது. காலத்தைப் பற்றிய மனப்பாங்கை அளக்கும் தாளில் அது எந்தக் காலத்தில் நிரப்பப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் இருப்பது விநோதம்தான்.

முகாம், உதவித்தொகை, பரிசு எதற்கும் இந்த மதிப்புகள் போகாது என்பதை ஒப்புதல் தாளிலேயே அச்சிடுகிறோம். சொந்த மதிப்பைப் பார்க்க விரும்பும் பிள்ளைக்கு ஆலோசகரோடு உட்கார்ந்து பார்க்கலாம். தாளை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. பெற்றோர் சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள், என் பிள்ளைக்கு எதிர்காலம் எவ்வளவு என்று. ராங்க் கேட்பதுபோல.

தீராத ஒன்று, கடந்த காலத்தின் கெட்ட பக்கம். இரண்டாம் சுற்றில் மற்ற ஐந்து பகுதிகளும் ஓரளவு நிலைக்கு வந்தன, இது வரவில்லை. ஆற்றங்கரைப் பிள்ளைகள் ஒரே நிகழ்ச்சியை நினைத்து ஐந்து வாக்கியங்களுக்கும் விடை போடுகிறார்கள், மற்றவர்கள் ஐந்து வாக்கியங்களுக்கு ஐந்து நினைவுகளைத் தேடுகிறார்கள். இரண்டையும் ஒரே பகுதியாகக் கூட்டலாமா என்பதை அடுத்த அணியின் தாள்கள் வந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். அதுவரை அந்தப் பகுதியின் கூட்டுத்தொகையை எழுதாமல், வாக்கியம் வாக்கியமாக மட்டுமே பதிந்து வைக்கிறோம்.